213ஆம் ஓலை

ஒரு வீட்டுப் பழைய ஓலைகளைப் படமெடுத்து நாங்கள் சேர்த்த அந்தத் தொகுப்பை இன்று திறந்தாலும் 212க்கு அடுத்து 214தான் வரும். ஏன் என்று ஆய்வாளர் யாரும் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று ஏழெட்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"எல்லாத்தையும் எடுத்துக்குங்க தம்பி, இதை மட்டும் விட்டுடுங்க." ஓலைகளுக்கு உரிய பெரியவர் இதைச் சொன்னபோது 213ஐப் படம் எடுத்தாகிவிட்டது. முன்பக்கம், பின்பக்கம், பக்கத்தில் அளவுகோல், வண்ண அட்டை, எல்லாம் முறைப்படி. மடிக்கணினித் திரை முழுக்க ஓலை நீண்டு கிடந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். அப்புறம்தான் சொன்னார்.

ஓலை படிக்க என்னைவிட அவருக்கு நன்றாக வரும். பரம்பரைக் கர்ணம், அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளை, 1980இல் அந்தப் பதவியையே அரசு ஒழித்தபோது வேலையிழந்தவர். மா, காணி, முந்திரி என்ற பழைய கணக்கு அளவெல்லாம் அவர் நாக்கிலேயே இருக்கும். மூன்று நாளாக அவர்தான் கட்டுகளை அவிழ்த்துக் கொடுத்தார். எழுத்து மங்கிய இடத்தில் நான் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைப்பேன். கீறலுக்குள் கரி தங்கி எழுத்து கறுப்பாக எழும்பும். அதைப் பார்க்கும்போதெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பார். 213க்கும் அப்படித்தான் கரி தடவினேன். எழுத்து வந்தது. அவர் சிரிக்கவில்லை.

ஆள் விற்ற ஓலை அது. ஒரு பெண், அவள் பிள்ளை. வாங்கியவர் பெரியவரின் முன்னோர். நிலம் விற்கும் பத்திரத்தின் அதே நடையில், விலை, சாட்சிகள், இனி வழிவழியாக வாங்கியவருக்கே உரியது என்ற உறுதி.

குடும்பத்துக்கு அவமானம் என்று நினைக்கிறார் என்றுதான் முதலில் எண்ணினேன். அவர் சொன்னது வேறு. "எங்க மானம் போனாப் போகட்டும் தம்பி. அந்தப் பேரைப் பாருங்க. அதே பேருல ஒரு பொண்ணு இன்னைக்கும் கீழத்தெருவுல இருக்கு. செல்போன்ல இதைக் காட்டி, உங்க பாட்டிய எங்க தாத்தா வெலைக்கு வாங்கினாருன்னு சொல்ற பய இந்த ஊர்லயே இருக்கான்."

அவர் முன்னாலேயே இரண்டு படங்களையும் அழித்தேன். குப்பைத்தொட்டியிலும் வைக்காமல் நிரந்தரமாக. ஓலையைக் கட்டுக்குள் திரும்பச் செருகிக் கயிற்றைச் சுற்றினார்.

தவறு என்று அப்போது தோன்றவில்லை. மூலம் உரியவர் வீட்டில் இருக்கும், படியை மட்டும் எடுப்போம் என்பதுதான் எங்கள் முறை. பிரிட்டிஷ் நூலகம் 2004இல் தொடங்கிய, அழியும் ஆவணங்களுக்கான திட்டத்திலும் மூலம் அந்தந்த நாட்டைவிட்டுப் போவதில்லை. ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர் மனம் கோணியிருந்தால் மற்ற ஓலைகளும் கிடைத்திருக்காது. அடுத்த வீட்டுக் கதவும் திறந்திருக்காது. இது சால்ஜாப்பு இல்லை, இந்த வேலை அப்படித்தான் நடக்கிறது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கீழத்தெருக்காரர், பள்ளி ஆசிரியர். "சார், அந்த வீட்டு ஓலையில எங்க ஆளுங்களப் பத்தி ஏதாவது இருந்துச்சா?"

"நிலக்கணக்குதான் சார்."

"சரி சார்" என்றார். என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார்.

படத்தை அழித்ததற்கு என்னிடம் பத்துக் காரணம் உண்டு. இந்தப் பதிலுக்கு ஒன்றுகூட இல்லை. ஓலை பெரியவருடையது, சரி. அந்தப் பெண்ணின் பெயர் யாருடையது? யாரைக் காப்பாற்றுவதாக நாங்கள் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்தோமோ, அவர்களில் ஒருவர் தானாக வந்து கேட்டார். வேண்டாம் என்று சொல்லும் உரிமையாவது அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

கரீபியத் தீவுகளின் அடிமைப் பதிவேடுகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. வாரிசுகள் அவற்றில் ஒற்றைப் பெயரைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள். அவமானம் என்று அதை யாரும் மூடி வைக்கவில்லை. ஆனால் அங்கே வாங்கியவரின் பேரனும் விற்கப்பட்டவளின் பேத்தியும் பெரும்பாலும் ஒரே குளத்தங்கரையில் எதிரெதிரே வருவதில்லை. இங்கே வருகிறார்கள். பெரியவர் பயந்தது வீண்பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு வழியும் இருந்தது. படத்தை வைத்துக்கொண்டு பார்வைக்கு மட்டும் பூட்டியிருக்கலாம். இங்கிலாந்தில் 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நூறு வருஷம் மூடி வைத்து 2022இல்தான் திறந்தார்கள். இப்போது எங்கள் ஒப்புதல் படிவத்தில் அதற்கென்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ஆனால் அன்று அந்த வரியைக் காட்டியிருந்தால் பெரியவர் சம்மதித்திருப்பாரா, அன்றிரவே ஓலை அடுப்புக்குப் போயிருக்குமா?

ஆண்டு விகாரி என்று இருந்ததாக நினைவு. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெயர் என்பதால் 1839ஆகவும் இருக்கலாம், 1779ஆகவும் இருக்கலாம். 1839 என்றால், அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று 1843இல் 5ஆம் சட்டம் வருவதற்கு நான்கே வருஷம் முன்னால் நடந்த விற்பனை. பிள்ளை உயிரோடிருந்து அந்தச் சட்டத்தைப் பார்த்திருக்கக்கூடும். எழுத்தின் போக்கையும் சாட்சிகளையும் வைத்து எந்த விகாரி என்று ஓரளவு சொல்லிவிடலாம். படம் வேண்டும். பெயர்கூட எனக்கு நிச்சயமில்லை. புள்ளியில்லாத எழுத்து, துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசமில்லை. இரண்டு விதமாகப் படிக்கலாம்.

பயிற்சி வகுப்புகளில் சுந்தரர் கதையைச் சொல்வேன். நீ எனக்கு வழிவழி அடிமை, உன் பாட்டன் எழுதித் தந்தது என்று ஒரு கிழவர் காட்டிய ஆளோலையைச் சுந்தரர் கிழித்துப் போட, அது படிதான், மூல ஓலை இருக்கிறது என்று வெண்ணெய்நல்லூர்ச் சபையில் கிழவர் நீட்டுகிறார். காப்பில் இருந்த பாட்டனாரின் வேறு எழுத்தோடு ஒப்பிட்டுத்தான் சபை தீர்ப்புச் சொல்கிறது. ஆவணக் காப்பு எதற்கு என்று விளக்க இதைவிட நல்ல கதை இல்லை. இப்போது சொல்வதை நிறுத்திவிட்டேன். அதுவும் அடிமை ஓலைதான் என்பது அத்தனை வருஷம் சொல்லியும் எனக்கு உறைத்ததில்லை.

பெரியவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. ஓலைக்கட்டைப் பற்றி அவர் மகனிடம் போனில் கேட்டேன். "பரண்ல இருக்கும் சார், வீடு பூட்டியிருக்கு, ஊருக்குப் போனா பாக்கறேன்" என்றார். இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

ஆசிரியரின் எண் என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கு அவர்தான் முதலில் வாழ்த்து அனுப்புவார். இந்த வருஷமும் அனுப்பினார். பதில் வாழ்த்துக்குக் கீழே, "சார், அன்று ஒரு ஓலை இருந்தது" என்று அடித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வாழ்த்தை மட்டும் அனுப்பினேன்.