மூன்றாவது துளைக்குப் பின்னால்

மே 5

அக்னி நட்சத்திரம் நேற்றுத் தொடங்கியது. பள்ளிகள் மூடியிருக்கும் இந்த நான்கு வாரங்களுக்குள் என் பொறுப்பிலுள்ள கட்டடங்களின் வயரிங்கைச் சோதித்து முடித்தாக வேண்டும். இன்று ராயபுரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. கதவைத் திறந்த காவலாளி, “ஈ.பி.ல இருந்து வந்திருக்காங்க” என்று உள்ளே குரல் கொடுத்தார். பதினொரு ஆண்டுகளாகக் கேட்கும் குரல்தான். மின்சாரம் கொடுப்பது மின்வாரியம். உயரழுத்த இணைப்புகளையும் லிஃப்டுகளையும் பார்ப்பது கிண்டியில் தலைமையகம் வைத்திருக்கும் மாநில அரசின் மின் ஆய்வுத் துறை. மீட்டரைத் தாண்டி உள்ளாட்சிக் கட்டடங்களுக்குள் ஓடும் கம்பிகளுக்குப் பொறுப்பு எங்கள் பிரிவு.

தலைமையாசிரியர் எனக்காகவே வந்து காத்திருந்தார். குடிநீர்க் கூலரின் குழாயைத் தொட்டால் கை சுருக்கென்று இழுக்கிறது என்றார். “செருப்பு போட்டுக்கிட்டுத் தொட்டா ஒண்ணும் தெரியாது சார், அதனால கீழே ரப்பர் மேட் போட்டிருக்கோம்.” ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று அந்தக் குழாயைத் திருகுவதை நினைத்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் இன்று நான் தொட்டபோது ஒன்றுமில்லை, டெஸ்டரும் எரியவில்லை. கூலரைக் கழற்றி, கம்பிக் காப்பின் வலுவை அளக்கும் மெகர் வைத்துப் பார்த்தேன். 500 வோல்ட்டில் குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டிய இடத்தில் 20 காட்டியது. குற்றம் கூலரில் இல்லை. சாக்கெட்டைத் திறந்தேன். மேலே உள்ள பெரிய மூன்றாவது துளைக்குப் பின்னால், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் கொண்டுபோகும் பச்சை எர்த் கம்பி முறையாகத்தான் இறுக்கப்பட்டிருந்தது. அந்தக் கம்பி எங்கே போய் முடிகிறது என்பதை நாளை பார்க்க வேண்டும்.

மே 6

பழைய வரைபடத்தில் வேப்ப மரத்தடியில் இரண்டு எர்த் குழிகள் காட்டப்பட்டிருந்தன, தரையிலோ ஒன்றுமில்லை. முற்றம் முழுக்கப் பேவர் பிளாக் பதித்தபோது குழிகளும் அடியில் போய்விட்டன. பன்னிரண்டு கற்களைப் பெயர்த்த பிறகு ஒரு குழாயின் வாய் தட்டுப்பட்டது. தண்ணீர் ஊற்றும் புனலில் சிமெண்ட் உறைந்திருந்தது. குழாயோடு போல்ட் போட்டு இணைத்திருந்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை, கடற்காற்றும் குழிக்குள் போட்ட உப்பும் சேர்ந்து அரித்ததில், அப்பளம் போல விரலிலேயே ஒடிந்தது. இன்னொரு குழி அகப்படவே இல்லை.

குழியின் தடையை அளக்கும் எர்த் டெஸ்டரின் இரண்டு முளைகளை அடிக்க இந்த வளாகத்தில் மண் தேடுவதே பெரும் பாடாக இருந்தது. மதிலோரம் துளசி வைத்திருந்த ஓரடி அகலப் பாத்தி கைகொடுத்தது. பட்டை முழுதாக இருந்த வேறொரு முனையிலிருந்து எடுத்த அளவு 22 ஓம். கூலரில் மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பி உடலைத் தொட்டுவிட்டதாக வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டை 22-ஆல் வகுக்க, மண்ணுக்குள் பாயக்கூடியது பத்து ஆம்பியர்தான். மின்னோட்டம் அளவு மிஞ்சினால் தானே விழ வேண்டிய 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் அதைச் சாதாரண லோடு என்று எடுத்துக்கொண்டு விழாமலே நிற்கும். குழாயில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் இங்கே எழுதியாக வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே பள்ளிக்கு “எர்த் நன்று” என்று குறிப்பு எழுதியவன் நான்தான். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் பிடித்தேன், பளிச்சென்று எரிந்தது, எழுதிவிட்டேன். அந்தப் பல்பு இழுப்பது அரை ஆம்பியர்கூட இல்லை. 22 ஓமில் பத்து வோல்ட்டுக்கும் குறைவாகவே இழக்கும் என்பதால் நல்ல எர்த்துக்கும் கெட்ட எர்த்துக்கும் அது ஒரே மாதிரிதான் எரியும். இது எனக்கு அன்றைக்கும் தெரியும். மீட்டரை வண்டியிலிருந்து எடுத்து வர நேரமில்லை என்று விட்டுவிட்டேன்.

மே 14

இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டுப் புதுக் குழி முடிந்தது. அளவு 3.4 ஓம். வெயிலில் மண் வறண்டு கிடக்கும் மே மாதத்தில் எடுக்கும் அளவைத்தான் நான் நம்புவேன். குழிக்கு மேல் திறக்கக்கூடிய மூடியும், அதில் பெயிண்டால் தேதியும். மெயின் போர்டில், மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தினோம். சத்துணவுக்கூடம் மட்டும் பூட்டியிருந்தது, சாவி கிடைக்கவில்லை. அறிக்கையில் “பூட்டியிருந்தது” என்று குறித்தேன்.

ஜூன் 4

பள்ளி திறந்து மூன்றாம் நாள். காலையிலிருந்து ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கிறது, வகுப்புகளில் ஃபேன் இல்லை என்று தலைமையாசிரியர் தொலைபேசியில் சொன்னார். நான் போவதற்குள் எலக்ட்ரீஷியன் அண்ணன் எல்லா எம்.சி.பி.யையும் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துவிட்டு, எதை இறக்கினாலும் நிற்கவில்லை, ஆர்.சி.சி.பி.யே கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வந்திருந்தார். “எடுத்துட்டு நேரா கொடுத்துடலாம் சார், எர்த்துதான் புதுசா போட்டாச்சே. பசங்க வெந்துகிட்டிருக்காங்க.” அவர் சொன்னதில் அக்கறை இருந்தது. வகுப்பறைக்குள் போய் நின்றால் எனக்கே இரண்டு நிமிடம் தாங்கவில்லை. ஆயினும் சம்மதிக்க முடியவில்லை. ஃபேஸ் வழியாகப் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாதபோதுதான் அது விழும். போனதில் ஒரு பங்கு வேறு வழியாகத் திரும்புகிறது என்று பொருள்.

ஜூன் 5

கிடைத்துவிட்டது. எம்.சி.பி.யை இறக்கினால் அறுபடுவது ஃபேஸ் மட்டுமே. நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். ஆகவே நியூட்ரல் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் லிங்க்கிலிருந்து அந்தக் கறுப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்தோடு சோதித்தோம். ஏழாவது கம்பியில் மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது. சத்துணவுக்கூடத்துக் கம்பி. கிரைண்டர் சாக்கெட்டைத் திறந்தால், உள்ளே நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்கு இரண்டு அங்குலக் கறுப்புக் கம்பி ஒன்று போடப்பட்டிருந்தது. காப்பைப் பல்லால் கடித்து உரித்த தடம்கூட அதில் தெரிந்தது.

சமையல் செய்யும் அம்மா, முன்பு கிரைண்டரில் ஷாக் அடித்ததாகவும் யாரோ வந்து சரிசெய்ததாகவும் சொன்னார். சரிசெய்தது இதுதான். கெட்டுப்போன எர்த்தைத் தேடாமல் கிரைண்டரின் உடலை நியூட்ரலோடு கட்டிவிட்டால் அங்கே ஷாக் நின்றுவிடும். ஆனால் பச்சைக் கம்பி பள்ளி முழுக்க ஒன்றே. மெயின் சுவிட்சைத் திறந்தபோது நியூட்ரல் திருகு தளர்ந்து கம்பி கறுத்திருந்தது. ஃபேன்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் அந்தத் தளர்ந்த இணைப்பால் நியூட்ரலில் ஏறிய வோல்ட்டேஜ், கிரைண்டர் சாக்கெட் வழியாகப் பச்சைக் கம்பிக்குத் தாவி, கூலரின் குழாய் வரைக்கும் வந்திருக்கிறது. அதை மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும் வலு 22 ஓம் குழிக்கு இல்லை. விடுமுறையில் ஃபேன் ஓடாததால் மே 5 அன்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சமையலறையில் நிறுத்தப்பட்ட ஷாக் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் இடத்துக்குப் போயிருக்கிறது. அந்தத் திருகு முழுவதுமாகக் கழன்றிருந்தால் குழாயில் ஆபத்தான அளவுக்கு வோல்ட்டேஜ் நின்றிருக்கும்.

மே 14 அன்று அந்தச் சாவியை எப்படியாவது வரவழைத்திருக்க வேண்டும். “பூட்டியிருந்தது” என்று இனி எழுதினால் அதே வரியில் மறுபடி வரும் தேதியையும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். கறுப்புக் கம்பியை வெட்டி எடுத்து, திருகை இறுக்கி, எல்லா ஃபேன்களையும் ஓடவிட்டோம். மாலை வரை ஆர்.சி.சி.பி. விழவில்லை. ரப்பர் மேட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார் ஆயாம்மா.

ஜூலை 1

தலைமையாசிரியர் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை தாமே அழுத்திப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். இன்று அழுத்தியதும் விழுந்தது என்று தகவல் அனுப்பினார்.

அக்டோபர் 23

இரவெல்லாம் மழை. காலையில் ஆர்.சி.சி.பி. விழுந்ததும் தலைமையாசிரியர் யாரையும் கூப்பிடவில்லை. ஜூனில் நான் சொல்லிக்கொடுத்தபடி எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றி, வாசல் விளக்கின் சர்க்யூட்டில் விழுகிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னார். போய்ப் பார்த்தேன். விளக்குப் பெட்டியின் ரப்பர் வளையம் வெடித்து உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் நின்றது. புது வளையம் போட்டு, உலர்த்தி, மெகர் பார்த்து மூட அரை மணி நேரமானது.

வந்ததே வந்தோம் என்று எர்த் குழியையும் அளந்தேன். 1.9 ஓம். மண் ஊறிக் கிடக்கும்போது எந்தக் குழியும் நல்ல அளவுதான் காட்டும். கோப்பில் அதை ஏற்றவில்லை. மே மாதத்து 3.4-ஐயே விட்டுவைத்தேன்.