கயாவில் கேட்ட பிறந்த வீட்டுக் கோத்திரம்

மாமியாருக்குக் கடைசிவரை இருந்த மனக்குறை ஒன்றுதான். மாமனாருக்கு இன்னும் கயா சிராத்தம் ஆகவில்லை. இதைப் பிள்ளையிடம் சொல்ல மாட்டார், என்னிடம்தான் சொல்வார். பிள்ளையிடம் சொன்னால் "லீவு கிடைக்கட்டும்மா" என்று பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். உயிரோடு இருக்கும்போது சொன்ன பேச்சைக் கேட்பது, திதி தவறாமல் நாலு பேருக்கு வயிறு நிறையப் போடுவது, கயாவில் பிண்டம் வைப்பது, இந்த மூன்றும் செய்தால்தான் பிள்ளை என்று பெயர் என்பதற்குச் சுலோகம் ஒன்று உண்டு. அதைச் சொல்லிவிட்டு, "முதல் ரெண்டுல அவன் சுமார்தான். மூணாவதை நீ விட்டுடாதே" என்பார்.

கூடவே இன்னொன்றும் சொல்வார். "உன் அப்பா அம்மா பேர், கோத்ரம், அவாளைப் பெத்தவா பேர் எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துண்டு போ. கயாவுல எல்லாருக்கும் இடம் உண்டு."

நாங்கள் இரண்டு பெண்கள். கூடப்பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. அப்பா போன அன்று வந்திருந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது, திண்ணையில் யாரோ "பிள்ளை இல்லாத வீடு, இனிமே எள்ளும் தண்ணியும் யார் இறைக்கப்போறா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. சித்தப்பா பிள்ளைதான் கொள்ளி வைத்தான். சில வருஷம் திதியும் செய்தான், பிறகு வெளிநாடு போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்பா திதி வரும்போதெல்லாம் காக்கைக்குச் சாதம் வைத்துவிட்டு நான் என்ன நினைத்துக்கொண்டு நிற்பேன் என்பது மாமியாருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

மாமியாரும் போய்ச் சேர்ந்தார். வருஷாப்திகம் என்கிற முதல் வருஷத் திதி முடிந்த பிறகு வந்த தை மாதத்தில், இனி லீவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சரி என்று கிளம்பிவிட்டோம். பிரயாகையில் கரைப்பதற்காக ராமேஸ்வரத்தில் முன்பே எடுத்துவைத்திருந்த சேது மணல் பையில் இருந்தது.

பிரயாகையில் மாக மேளா நேரம். திரிவேணி சங்கமத்தில் கண்ணுக்கு எட்டின மட்டும் கூடாரமும் ஜனமும்தான். படகுக்காரர் கரையில் சொன்னது ஒரு தொகை, நடு ஆற்றில் கேட்டது வேறு தொகை. சண்டை போட்டுக்கொண்டே போனோம். மனைவியின் பின்னல் நுனியைக் கங்கைக்குக் கொடுக்கும் வேணி தானத்துக்கு என் கணவர் எனக்குப் பின்னல் போட்ட லட்சணத்தைப் பார்த்து வாத்யாரே சிரித்துவிட்டார். முடி நுனி கங்கையில் விழுந்ததும் படகுக்காரர் மேலிருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. காசியில் அனுமான் காட் பக்கம் தங்கி, அஸியில் தொடங்கி மணிகர்ணிகை வரை ஐந்து படித்துறைகளுக்கும் படகிலேயே பஞ்ச தீர்த்த சிராத்தம். விசுவநாதர் சன்னிதியில் ஒரு கணம் நிற்க விட்டார்கள். அதைப்பற்றி எழுதினால் புலம்பலாகிவிடும், விட்டுவிடுகிறேன். அன்னபூரணி மட்டும் ஆற அமரப் பார்க்க விட்டாள்.

காசியிலிருந்து கயா சுமார் 250 கிலோமீட்டர். காலையில் காரியம் ஆரம்பிக்க வேண்டும் என்றால் இரவிலேயே கிளம்ப வேண்டும். அந்தப் பக்கத்துத் தைப் பனி நம் ஊர்ப் பனி மாதிரி இல்லை. சசாராம் நெருங்கும்போது வண்டிக்கு முன்னால் ரோடே இல்லை. டிரைவர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். சோன் நதிப் பாலத்துக்கு முன்னால் மணல் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். காரியம் இருப்பதால் இவர் டீகூடக் குடிக்கவில்லை. குளிரில் பல் கிட்டிப்போய், "அம்மா வரச் சொன்னா, ரோட்டையும் அவளே பார்த்துக்கட்டும்" என்றார். நான் கஜேந்திர மோட்சம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் லாரிகள் நகர்ந்தன. யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், எனக்கு அது மாமியார் வேலைதான்.

கயா ஊருக்குள் நுழைந்ததுமே மோட்டார் சைக்கிளில் துரத்த ஆரம்பித்துவிட்டார்கள். "மெட்ராஸ்? ஆந்திரா? எந்த ஜில்லா?" என்று ஜன்னலைத் தட்டித் தட்டிக் கேட்கிறார்கள். உங்கள் தாத்தா கையெழுத்துப் போட்ட புத்தகம் எங்களிடம் இருக்கிறது என்று அரைகுறைத் தமிழில் ஒருவர் சத்தியம் செய்தார். கயாவின் பரம்பரைப் புரோகிதர்களான கயாவாலிப் பண்டாக்களிடம் அப்படிப்பட்ட பழைய பேரேடுகள் இருப்பது உண்மைதான். ஆனால் வண்டிக்குக் குறுக்கே பாய்கிறவரிடம் இருக்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பது? நமக்கு முன்கூட்டியே பேசிவைத்த தமிழ் வாத்யார் இருந்ததால் தப்பித்தோம். மகாளய பட்ச மேளாவில் இந்தக் கூட்டம் எத்தனை மடங்காக இருக்கும் என்று நினைத்தாலே மூச்சு முட்டுகிறது.

வாத்யார் வீட்டில் எனக்கு நேராக அடுப்படிதான். கிணற்றுத் தண்ணீரைத் தலையில் விட்டுக்கொண்டு, ஈரம் சொட்டும் மடிசாரோடு வெண்கலப் பானையில் சாதம் வைத்தேன். குழைய வடித்து, எள்ளும் தேனும் நெய்யும் விட்டுப் பிசைய வேண்டும். சூடு ஆறினால் பிடிபடாது, ஆறாவிட்டால் கை பொறுக்காது. விஷ்ணு பாதத்துக்கு மட்டும் 64 பிண்டம். வாத்யார் வீட்டு மாமி பக்கத்தில் உட்கார்ந்து, "இவ்வளவு பெரிசா உருட்டினா சாதம் பத்தாது மாமி, எலுமிச்சம்பழ அளவு போதும்" என்று என் உருண்டைகளைக் கிள்ளிக் கிள்ளிச் சரிசெய்தாள். என் உள்ளங்கை சிவந்துவிட்டது. நெய் மணமும் எள் மணமும் கலந்து வந்தபோது, எங்கள் வீட்டில் மாமியார் சிராத்தச் சமையல் செய்த நாட்களின் வாசனை அப்படியே எழுந்தது. அப்போதெல்லாம் உப்பு எவ்வளவு போட்டேன் என்று நாலு தடவை கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

பல்குனி நதியைப் பற்றி மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமனாரோடு அவர் வந்த காலத்தில் ஆறு முழுக்க மணலாம். கையால் பள்ளம் பறித்தால் தண்ணீர் ஊறுமாம், அதை மொண்டுதான் தர்ப்பணம். சீதை சாபம் என்பார். இப்போது தேவ காட் படிக்கட்டில் தண்ணீர் நிற்கிறது. 2022-இல் ஆற்றின் குறுக்கே ரப்பர் அணை கட்டித் தேக்கியிருக்கிறார்கள். அக்கரைக்குப் போக நடைபாலமும் இருக்கிறது. அங்கேதான் சீதா குண்டம். ராமரும் லட்சுமணரும் சாமான் கொண்டுவரப் போன நேரத்தில் தசரதரின் கை மணலுக்குள்ளிருந்து நீண்டு பிண்டம் கேட்க, சீதை மணலையே பிடித்துக் கொடுத்த இடம். திரும்பி வந்த ராமர் நம்பவில்லை. சாட்சி சொல்ல வந்த பல்குனி, பசு, தாழம்பூ எல்லாம் பொய் சொல்ல, ஆலமரம் ஒன்றுதான் உண்மை சொன்னது. பொய் சொன்னதற்குத்தான் பல்குனிக்கு அந்தச் சாபம். அந்த ஆலமரம்தான் அட்சய வடம். மாமனாருக்கு மருமகள் தன் கையால் கொடுத்ததற்கு இத்தனை சாட்சி கேட்டிருக்கிறார்கள்! படியில் உட்கார்ந்து இவர் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தபோது நான் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷ்ணு பாதம் கோவில் மண்டபத்தில் தூணுக்குத் தூண் குடும்பங்கள். தெலுங்கு, மராட்டி, வங்காளி, எல்லா மந்திரமும் ஒன்றின்மேல் ஒன்று மோதுகிறது. 1787-இல் ஹோல்கர் ராணி அகல்யாபாய் கட்டிக்கொடுத்த கோவில், கருங்கல் தரை பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. எனக்குக் கால் மரத்துப்போனது. மாமனார், அவர் அப்பா, தாத்தா என்று வரிசையாகப் பிண்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் வாத்யார் நிறுத்தி, "இப்போ அம்மாவுக்குத் தனியா பதினாறு. ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் சொல்றேன், கேட்டுண்டே வையுங்கோ" என்றார்.

மாத்ரு ஷோடசி. நீ வயிற்றுக்குள் உதைத்தபோது அவள் பட்ட வேதனைக்கு ஒரு பிண்டம். உன்னைப் பெற்றெடுத்த வலிக்கு ஒன்று. உனக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று அவள் குடித்த கசப்பு மருந்துக்கு ஒன்று. ராத்திரி நீ நனைத்த துணியில் அவள் படுத்துக்கொண்டு உலர்ந்த பக்கத்தில் உன்னைப் போட்டாளே, அதற்கு ஒன்று. ஒவ்வொன்றின் முடிவிலும் "மாத்ரு பிண்டம் ததாம்யஹம்". இவர் முதல் சிலவற்றைச் சரியாகத்தான் வைத்தார். ஈரத்துணி சொன்னபோது கை நின்றுவிட்டது. அம்மா போன அன்றுகூட அழாத மனுஷர், மண்டபம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நினைவே இல்லாமல் விம்மினார். வாத்யார் அவசரப்படுத்தவில்லை. பக்கத்து வரிசையில் இருந்த தெலுங்குப் பெரியவர் எட்டி இவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். அவர் கண்ணிலும் தண்ணீர். மாமியாரே, நீங்கள் வரச் சொன்னது மாமனாருக்காக. உங்களுக்கு இவ்வளவு இங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

அதற்குப் பிறகு காருண்ய பித்ருக்கள், நேர் வம்சம் அல்லாத மற்ற உறவும் வேண்டியவர்களும். வாத்யார் என் பக்கம் திரும்பி, "மாமி, உங்க அப்பா அம்மா பேர், கோத்ரம் சொல்லுங்கோ" என்றார். வாய் வரவில்லை. பேப்பரை நீட்டினேன்.

கல்யாணத்தன்று கன்னிகாதானத்தில் கொள்ளுத்தாத்தா பேரிலிருந்து ஆரம்பித்து மூன்று தடவை உரக்கச் சொன்ன கோத்திரம் அது. அன்றோடு அது என்னை விட்டுப் போயிற்று. அப்புறம் எந்தச் சங்கல்பத்திலும், எந்த அர்ச்சனையிலும் என் பேரோடு சேர்ந்து வந்ததில்லை. இப்போது விஷ்ணு பாதத்தில், அத்தனை சத்தத்துக்கு நடுவே, "ஸ்ரீவத்ஸ கோத்ர" என்று என் கணவர் வாயால் கேட்டேன். அப்பா பேர், அம்மா பேர். மாமனாருக்கு, மாமியாருக்கு என்று இவர் வைத்த பிண்டம் என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும். 64 உருண்டையில் எது அவர்களுக்குப் போகும் என்று தெரியாமல்தான் காலையில் உருட்டினேன். தெரிந்திருந்தால் ஒன்றைக் கொஞ்சம் பெரிதாகப் பிடித்திருப்பேன், மாமி கிள்ளியிருந்தாலும் சரி. திண்ணையில் பேசியவர் யாரோ, அவரும் இன்று இருக்க மாட்டார். அவருக்கும் இந்த 64-இல் பங்கு போயிருக்கும்.

ஏனென்றால் அங்கே யாரையும் விடுவதில்லை. குரு, சிநேகிதர், வேலை செய்தவர்கள், பிள்ளை குட்டி இல்லாமல் போனவர்கள், நெருப்பிலும் தண்ணீரிலும் போனவர்கள், வீட்டில் வளர்த்த மாடு கன்று, செடி கொடி வரை வந்துவிடுகிறது. இவர் கொரோனாவில் போன ஆபீஸ் நண்பர் ஒருவர் பேரைச் சொன்னார். நான் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த பாட்டியின் பேரைச் சொல்லச் சொன்னேன். அவளுக்கு என்ன கோத்திரம் என்று வாத்யார் கேட்கவே இல்லை.

பாதம் இருக்கும் இடத்தில்தான் தள்ளுமுள்ளு. எண்கோணமாக வெள்ளித் தகடு அடித்த தொட்டி, நடுவில் கல்லில் பதிந்த திருவடி. சுற்றிலும் தோளுக்கு மேல் தோள். பிண்டம், துளசி, பால், பூ எல்லாம் சேர்ந்து பாதமே தெரியவில்லை. நாங்கள் கொண்டுபோனதை இவர் வைத்த மறுகணம் ஒருவர் வழித்து ஒதுக்கினார். அந்த ஒரு கணத்தில் கல் தெரிந்தது. விரல்கள் தெரிந்தன. குனிந்து தொட்டேன். கயாசுரன் என்ற அசுரனின் தலையைப் பெருமாள் அழுத்திய பாதம். பின்னால் இருந்தவர் முழங்கையால் இடித்தார், இடிக்கட்டும். என்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்து வந்தேனோ ஒன்றுமே நினைவில்லை. பெருமாளே, பெருமாளே என்றுதான் வந்தது.

அட்சய வடத்தடியில் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை விட வேண்டும். பிடிக்காததை விட்டுவிட்டு வருகிற சாமர்த்தியசாலிகள் உண்டு. அப்படி விடுவதில் என்ன இருக்கிறது? இவர் அம்மா கையால் சாப்பிட்ட கத்தரிக்காயை விட்டார். பிறகு பண்டா "சுபல்" சொல்ல வேண்டும், கயா சிராத்தம் பலித்தது என்று. அதைச் சொல்வதற்கு முன் அவர் ஒரு தொகை கேட்டார் பாருங்கள், மனசு கனத்துப்போய் இருக்கிற நேரத்தில்! பித்ருக்கள் பட்டினி கிடப்பார்கள் என்கிற தோரணையில் பேரம். வாத்யார் இந்தியில் ஏதோ கடுமையாகச் சொல்லிப் பாதியாகக் குறைத்தார். பண்டா முதுகில் தட்டிச் சுபல் சொன்னார். தட்டிய கை கனமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்ன வார்த்தை போதும், அதற்காகத்தான் வந்தோம்.

சாயங்காலம் கடைத்தெருவில் திலக்குட் வாங்கினோம். வெல்லப்பாகையும் எள்ளையும் சேர்த்து மரச் சம்மட்டியால் இடித்துத் தட்டும் இனிப்பு, தை மாதம் முழுக்க அந்த ஊரில் இதே சத்தம்தான். அங்கிருந்தே என் தங்கைக்குப் போன் செய்தேன். "அப்பா பேரைச் சொன்னாளாடி? தாத்தா பேரும் சொன்னாளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்புறம் என்ன காய் விட்டீர்கள் என்று விசாரித்துவிட்டு, அத்திம்பேரிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். அவர் "அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கங்கைச் சொம்பு வீட்டுப் பூஜையறையில் இருக்கிறது. ராமநாதருக்கு அபிஷேகம் செய்து முடித்தால்தான் யாத்திரை பூர்த்தி. தங்கையும் மாப்பிள்ளையும் கூட வருகிறார்கள், ராமேஸ்வரம் டிக்கெட்டை அவளே போட்டுவிட்டாள். மாமியார் படத்துக்குக் கீழே அந்தப் பேப்பரை வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை இரண்டு நாளாக அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.