நாலொங்கோவுடன் ஒரு விசிட்டிங் டே

விடிகாலை நான்கு மணிக்கு வாழையிலை வேகும் வாசனையில் விழிப்பு வந்துவிட்டது. எந்த ஊரில் படுத்திருக்கிறேன் என்று ஒரு நிமிடம் பிடிபடவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால், பின்வாசல் திண்ணையில் சிகிரி என்கிற கரி அடுப்பின் முன்னால் நாலொங்கோ உட்கார்ந்திருந்தார். ஒரு பானையில் மட்டோக்கே, அதாவது வாழைக்காயை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்து மசிப்பது. இன்னொன்றில் லுவொம்போ. வாழையிலையைத் தணலில் வாட்டி, உள்ளே கோழித் துண்டும் நிலக்கடலைக் குழம்பும் வைத்து, நாரால் கட்டி, ஆவியில் வைத்துவிடுவார்கள். கட்டுச்சோற்றுக்கு எங்கள் ஆச்சி இலை வாட்டுவாள். அதே கை, அதே திருப்பல்.

"ஜெபாலே கோ" என்றேன். அக்கா சொல்லிக்கொடுத்தது. வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்தால் இங்கே இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். 'நீங்கள் செய்கிற வேலைக்கு நன்றி' என்று பொருள். இவ்வளவு நல்ல முகமன் நம்மிடம் இல்லையே என்று மூன்று வாரமும் பொறாமைப்பட்டேன்.

2024 ஜூலையில், உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே சமையலுக்கு உதவ வருபவர் நாலொங்கோ. அது அவர் பெயர் இல்லை. இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவளுக்குப் புகாண்டா மக்கள் கொடுக்கும் பட்டம். தகப்பன் சாலொங்கோ. பிள்ளைகளுக்கும் பெயர் தேட வேண்டியதில்லை. மூத்தது ஆண் என்றால் வாஸ்வா, பெண் என்றால் பபிர்யே. இளையது ஆண் என்றால் காட்டோ, பெண் என்றால் நகாட்டோ. இரட்டையருக்கு அடுத்துப் பிறக்கிற குழந்தை கிஸ்ஸா. ஜாதகம் பார்த்து எழுத்துத் தேடி மாமனார் வீட்டோடு சண்டை போடுகிற வேலையெல்லாம் மிச்சம். நம் நாலொங்கோவின் பிள்ளைகள் ஒரு பபிர்யேவும் ஒரு காட்டோவும். மசாகா சாலையில் ஒரு விடுதிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறார்கள். அன்றைக்கு அங்கே விசிட்டிங் டே.

உகாண்டாவில் பள்ளி ஆண்டுக்கு மூன்று பருவம். விடுதிப் பள்ளிகளில் பருவத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டாரை உள்ளே விடுவார்கள். அந்த நாளுக்கு இருக்கிற பரபரப்பு நம் ஊர்க் கோயில் கொடைக்குக் குறைந்ததில்லை. சாலொங்கோ போடா-போடா, அதாவது வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார். ஒருநாள் சவாரியை விட முடியாது என்று வரவில்லை. "நாங்களே காரில் கொண்டுபோய் விடுகிறோம்" என்று அக்கா சொல்லிவிட்டாள். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். பூமத்திய ரேகை நாடு என்பதால் வருடம் முழுக்கச் சூரியன் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் எழும். காலை ஏழு மணியைப் புகாண்டா மக்களின் மொழியான லுகாண்டாவில் 'ஒரு மணி' என்பார்கள். விடிந்து ஒரு மணி நேரம் ஆயிற்று என்று கணக்கு. "வாசலை மூன்று மணிக்குத் திறப்பார்கள்" என்று நாலொங்கோ சொன்னபோது, அப்புறம் எதற்கு இந்த இருட்டில் ஓடுகிறோம் என்று முதலில் விழித்தேன். மூன்று என்றால் ஒன்பது. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய ஊர்க்காரனுக்கு இது புரிந்திருக்க வேண்டும்.

கம்பாலாவிலிருந்து எழுபது கிலோமீட்டர் சுமாரில் கயாப்வே. அங்கேதான் பூமத்திய ரேகை சாலையைக் கடக்கிறது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்தைத் தாண்டும் வெள்ளை வளையங்கள். புனல் வைத்த தட்டில் தண்ணீர் ஊற்றி, வடக்கே ஒரு பக்கமாகவும் தெற்கே மறுபக்கமாகவும் சுழலுவதாகக் காட்டிக் காசு கேட்கிறார்கள். பத்தடி நகர்ந்தால் அப்படியெல்லாம் மாறாது. எல்லாம் ஊற்றுகிற கையின் சாமர்த்தியம். இருந்தாலும் அத்தானை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். நாலொங்கோ காரைவிட்டு இறங்கவில்லை. மடியில் பானை சூடாக இருந்தது.

பள்ளி வாசலில் எங்களுக்கு முன்னால் நூறு பேராவது நின்றிருப்பார்கள். பெண்கள் பலர் கோமேசி அணிந்திருந்தார்கள். தோளில் கூர்மையாக நிமிர்ந்து நிற்கும் கையும் இடுப்பில் அகலப் பட்டையும் உள்ள அந்த உடுப்பில் யாரைப் பார்த்தாலும் கல்யாணத்துக்கு வந்தவர் போல இருக்கும். தலையில் சட்டி, கையில் சோடாப் பெட்டி, தோளில் சுருட்டிய பாய். வாசலில் முதலில் பீஸ் சீட்டைக் காட்ட வேண்டும். நாலொங்கோ 'மொபைல் மனி'யில், அதாவது கைபேசி வழியாகப் பணம் அனுப்பி, சிறுகச் சிறுகக் கட்டி முடித்ததற்கான குறுஞ்செய்திகளை எல்லாம் அழிக்காமல் வைத்திருந்தார். இரட்டைப் பிள்ளை என்றால் பீஸும் இரட்டை. பாக்கி இருந்த ஒரு குடும்பத்தை ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் நின்றாள். இந்தப் பக்கம் தாய் அவளுக்கு ஒரு வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். இந்த ஏற்பாடு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கடைசியில் யாரோ பெரியவர் ஒருவர் பேசி உள்ளே விட்டார்கள்.

அடுத்து உணவுச் சோதனை. சமைத்ததை மைதானத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், விடுதிக்குள் மட்டும் போகக் கூடாது. அக்கா சுட்டுக்கொடுத்த முறுக்கு டப்பாவைக் காவலர் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன?"

"அரிசி மாவு. எண்ணெயில் பொரித்தது."

"நீங்கள் முதலில் சாப்பிடுங்கள்."

சாப்பிட்டேன். நான் கீழே விழவில்லை என்று உறுதியானதும் அவரும் ஒன்றை எடுத்துக் கடித்தார். முகத்தில் எதுவும் காட்டாமல் இன்னொன்றையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எதையும் உள்ளே விட்டுவிட்டு வரக் கூடாது" என்றார்.

பிள்ளைகள் கயிறு கட்டிய கோட்டுக்குப் பின்னால் நின்றார்கள். ஆண், பெண் எல்லோருக்கும் ஒட்ட வெட்டிய முடி. எது பபிர்யே என்று எனக்குத் தெரியவில்லை. நாலொங்கோ கூப்பிடவே இல்லை. பானையை இறக்கி வைத்தார், அவ்வளவுதான். இரண்டு பேர் கூட்டத்திலிருந்து கழன்று ஓடி வந்தார்கள். பக்கத்தில் வந்ததும் பபிர்யே வேகத்தைக் குறைத்து, புல்லில் இரண்டு முழங்காலையும் ஊன்றி, தலை குனிந்து எங்களுக்கு வணக்கம் சொன்னாள். நான் பதறி அவளைத் தூக்கப் போனேன். "விடுடா, இங்கே பெண் பிள்ளைகள் பெரியவர்களுக்கு அப்படித்தான் செய்வார்கள். நீ நம்ம வீட்டில் காலில் விழுந்ததில்லையா?" என்றாள் அக்கா. விழுந்திருக்கிறேன். ஆனால் எனக்கு ஐந்து ரூபாயாவது கிடைக்கும்.

உறவுமுறையில்தான் வேடிக்கை. லுகாண்டாவில் மாமா என்றால் அம்மா. பிள்ளைகள் அக்காவை "மாமா, மாமா" என்று கூப்பிட, ஒவ்வொரு முறையும் நான் திரும்பிப் பார்த்தேன். பபிர்யே யோசித்துவிட்டு, "மாமாவின் தம்பி என்றால் நீங்கள் எங்களுக்குக் கொஜ்ஜா" என்றாள். கொஜ்ஜா என்றால் தாய்மாமன். அப்பாவின் தங்கைக்கு வேறு சொல், செங்கா. நம் அத்தை. சித்தப்பாவுக்கு அவர்கள் சொல்வது 'சின்ன அப்பா' என்றேதான் பொருள் தரும். ஆங்கிலத்தில் அங்கிள், ஆன்ட்டி என்று இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டு மூடியதைப் போல இங்கே இல்லை. வந்த அரைமணி நேரத்தில் எனக்கு முறை கிடைத்துவிட்டது.

பலாமரத்தடியில் பாய் விரித்தோம். காட்டோ எங்கேயோ ஓடிப்போய், தன்னைவிட ஒரு தலை உயரமான பையனோடு திரும்பி வந்தான். தென் சூடான் பையன். தாய் அந்நாட்டுத் தலைநகர் ஜூபாவில் இருக்கிறார். பீஸ் கட்டும் உறவினர் கம்பாலாவில் இருந்தாலும் வருவதில்லை. 2013 டிசம்பரில் அங்கே சண்டை தொடங்கிய பிறகு உகாண்டாவுக்கு வந்தவர்கள் ஏராளம். உகாண்டாப் பள்ளிகளில் அந்தப் பிள்ளைகளைப் பார்ப்பது அபூர்வமில்லை. நாலொங்கோ எதுவும் கேட்கவில்லை. லுவொம்போவில் ஒரு பொதியைப் பிரித்து அவன் முன்னால் வைத்தார். பொதிகளை எண்ணிப் பார்த்தேன். நாங்கள் ஆறு பேர், பொதி எட்டு. விடிகாலையிலேயே கூட்டித்தான் கட்டியிருக்கிறார்.

சுற்றிலும் பார்த்தால் எல்லாப் பாயிலும் இப்படி ஒட்டாத முகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. யாரும் வராத பிள்ளைகளை நண்பர்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். இழுக்க ஆள் கிடைக்காத நாலைந்து பேர் மட்டும் தூரத்துக் குழாயடியில் சீருடை துவைத்துக்கொண்டிருந்தார்கள். விசிட்டிங் டே அன்று துவைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தலையைக் குனிந்துகொள்ளலாம். நான் ஏழாம் வகுப்பில் விடுதியில் இருந்தவன், எனக்குத் தெரியும்.

அப்புறம் விடுதியைக் காட்டினார்கள். மூன்றடுக்கு இரும்புக் கட்டில்கள், நீலக் கொசுவலைகள், கட்டிலுக்கடியில் தகர ட்ரங்குப் பெட்டிகள். பெட்டி கம்பாலாவில் கட்வே பட்டறைகளில் அடித்தது. பெயர் பெயின்டில் எழுதிப் பூட்டு தொங்கும். நாலொங்கோ பிள்ளைகளின் மெத்தையைப் பார்க்கவில்லை. கதவுகளை எண்ணினார், ஜன்னல் கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார். 2008 ஏப்ரலில் கம்பாலாவுக்கு அருகே ஒரு பள்ளி விடுதி எரிந்து சிறுமிகள் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இங்கே தாய்மார் முதலில் பார்ப்பது கதவைத்தானாம். 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் போனது எனக்கு ஞாபகம் வந்தது. நானும் சேர்ந்து எண்ணினேன். இரண்டு கதவு, இரண்டும் வெளிப்பக்கம் திறப்பவை.

தினசரி வாழ்க்கையைக் காட்டோ மனப்பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னான். ஐந்து மணிக்கு மணி அடிக்கும். ஜெரிகேனில் தண்ணீர் பிடித்துக் குளியல். விடிவதற்கு முன்னால் 'பிரெப்', அதாவது மேற்பார்வையில் படிப்பு. இடைவேளையில் மக்காச்சோளக் கஞ்சி. மதியம் போஷோவும் பீன்ஸும். இரவு? பீன்ஸும் போஷோவும். இதைச் சொல்லிவிட்டு மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போஷோ என்பது மக்காச்சோளக் களி. அடுக்களையில் ஆள் உயர அகப்பையை இரண்டு பேர் பிடித்துக் கிண்டுகிறார்கள். கிண்டுவதற்கு இவர்கள் ஆங்கிலத்தில் 'மிங்கிள்' என்பார்கள். பீன்ஸில் வண்டு கிடந்தால் அன்றைக்குக் கறிச்சோறு என்று கணக்காம். இரவு மறுபடி பிரெப், ஒன்பது மணிக்கு விளக்கணைப்பு.

பதினோரு வயதுப் பிள்ளைகளை இப்படி அனுப்ப வேண்டுமா என்று வரும் வழியிலேயே நாலொங்கோவிடம் கேட்டிருந்தேன். ஏழாம் வகுப்பு முடிவில் பொதுத்தேர்வு இருக்கிறது. நான்கு பாடம், ஒவ்வொன்றிலும் 1 என்பதே உயர்ந்த தரம். ஆகக் கூட்டுத்தொகை 4 வாங்குபவனே முதல் மாணவன். அந்த எண்ணை வைத்துத்தான் நல்ல உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்கும். ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுதாகத் திறந்தது 2022 ஜனவரி 10-ல். உலகத்திலேயே மிக நீண்ட மூடல்களில் ஒன்று. பிள்ளைகள் அப்போது இரண்டாம் வகுப்பு. பாட்டி வீட்டில் தக்காளி விற்றுக்கொண்டிருந்தார்கள். "காட்டோ சில்லறை வேகமாக எண்ணக் கற்றுக்கொண்டான். அதுதான் பயமாக இருந்தது" என்றார் நாலொங்கோ. அவர் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றதும் ஒரு சந்தைக் கடையில்தான்.

கடைசியாக வகுப்பாசிரியர் மேசை. வந்தவர்கள் பிள்ளையின் நோட்டைப் பார்த்து, பேரேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பபிர்யேவுக்குப் பாராட்டு. காட்டோவுக்குக் கணக்கில் சறுக்கல். "பையன் அதிகம் விளையாடுகிறான்" என்று நம் ஊர் வாத்தியார் குரலிலேயே சொன்னார். சில்லறை எண்ணுகிறவனுக்குப் பின்னம் வரவில்லையாம்.

"இவனுக்கு யார் வந்திருக்கிறார்கள்?" என்று ஆசிரியர் உயரமான பையனைக் காட்டினார். பேரேட்டில் அவன் பெயருக்கு நேரே முந்தைய பருவத்துக் கட்டம் காலியாக இருந்தது. அவன் தரையைப் பார்த்தான். காட்டோ என் முதுகில் கை வைத்துத் தள்ளினான். "கொஜ்ஜா."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். அழகான சாய்வெழுத்து, வரைபடத்தில் நைல் நதிக்கு நீலம் தீட்டியிருந்தான். விக்டோரியா ஏரியில் தொடங்கிப் பக்கத்தின் விளிம்பு வரைக்கும், ஜூபாவுக்கு ஒரு புள்ளியும் வைத்து. நன்றாக இருக்கிறது என்றேன். பேரேட்டில் 'உறவு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தயங்கினேன். "அங்கிள் என்று போடுங்கள்" என்றார் ஆசிரியர். அங்கிள் என்றால் எந்த வழி என்று யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு அது வசதியாக இருந்தது. தமிழில் கையெழுத்துப் போட்டேன். ஆசிரியர் பேரேட்டைத் தன் பக்கம் திருப்பி, மறுபடி என் பக்கம் திருப்பி, எது தலை என்று பார்த்தார்.

நான்கு மணிக்கு, அவர்கள் கணக்கில் பத்து மணிக்கு, மணி அடித்தது. அழுகை அதிகமில்லை. பபிர்யே மறுபடி முழங்காலிட்டாள். இந்த முறை நான் தூக்கப் போகவில்லை. வாசலில் அதே காவலர் பைகளைத் திறந்து பார்த்தார். முறுக்கு டப்பா காலி.

"அந்த இந்தியப் பண்டம் தீர்ந்துவிட்டதா?"

"தீர்ந்துவிட்டது, செபோ" என்றார் நாலொங்கோ, அவர் கண்ணைப் பார்த்தே. செபோ என்றால் ஐயா.

தூரத்தில் விடுதிப் படியேறிக்கொண்டிருந்த பபிர்யே, அந்த வெயிலில், ஸ்வெட்டரைச் சுருட்டி இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். காவலரும் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு வாசலைத் திறந்துவிட்டார்.