குவாங்சோ நாட்குறிப்பு: நீர்க்கடுப்புக்கு ஒரு கஷாயம்

மார்ச் 11, 2024
மீன் கடை நடத்தும் ஒரு பெண் வந்தார். நாலு நாளாக நீர்க்கடுப்பு, சொட்டுச் சொட்டாகத்தான் போகிறதாம். எங்கள் சீன மருத்துவ லாவ்ஷி (ஆசிரியை) "லின் ஜெங்" என்றதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. இன்றைய சீனப் பேச்சில் லின் பிங் என்றால் உடலுறவால் பரவும் வெட்டை நோய். பழைய மருத்துவத்தில் லின் அப்படியல்ல. எரிச்சலும் வலியுமாக, அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் போகும் எல்லாமே லின்தான். லாவ்ஷி பொறுமையாக விளக்கிய பிறகுதான் அவர் நாக்கை நீட்டினார். சிவந்த நாக்கு, மேலே மஞ்சள் பிசுபிசுப்பு, வேகமான நாடி. உடலில் ஈரமும் சூடும் சேர்ந்த ஈரச்சூடு, அதாவது சூட்டு லின். இதுவே பாதியில் அடைத்துக்கொண்டு இடுப்பு வலித்தால் கல் லின். உடல் அசரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வந்தால் களைப்பு லின். இரத்தம், கலங்கல், வாயு என்று இன்னும் மூன்று உண்டு.

சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பி, ஆன்டிபயாட்டிக்கும் எழுதினார்கள். குளிர்காய்ச்சலோடு முதுகு வலியும் இருந்தால் கஷாயத்தை நம்பிக் காத்திருக்கவே கூடாது என்பதில் லாவ்ஷி கறார்.

மார்ச் 12
அவருக்கு எழுதியது பா ஜெங் சான். சோங் அரசுக் காலத்து மருந்து, எட்டுச் சரக்கு. அவற்றில் சில: மலமிளக்கும் ரேவல்சின்னி, அதிமதுரம், நம் இசப்கோலுக்கு உறவான ஒரு விதை, அப்புறம் மூதோங். மூதோங் டப்பாவை லாவ்ஷி தானே திறந்து பார்த்தார். காரணம் கேட்டேன். மூதோங் என்ற பெயரில் வெவ்வேறு கொடிகள் விற்றிருக்கின்றன. அவற்றில் குவான் மூதோங்கில் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு. சிறுநீரகத்தையே அழிக்கும், புற்றுநோயும் தரும். சீனா 2003-இல்தான் அதைத் தடை செய்தது. அதற்கு முன்பே பெல்ஜியத்தில், எடை குறைக்கும் மாத்திரையில் ஃபாங் ஜி என்ற மூலிகைக்குப் பதில் அதே அமிலமுள்ள குவாங் ஃபாங் ஜி கலந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஓர் அசை வித்தியாசம். நீர் பிரிய வைக்கும் மருந்தே நீர் பிரிக்கும் உறுப்பைக் கொல்வதா! இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மார்ச் 13
அம்மாவிடம் போனில் சொன்னேன். "நெருஞ்சில் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுக்க வேண்டியதுதானே" என்றார். அதே நெருஞ்சில் இங்கேயும் இருக்கிறது. ஆனால் கண் அரிப்புக்கும் தலைவலிக்கும்தான் கொடுக்கிறார்கள்.

மார்ச் 15
மீன் கடை அக்கா வந்தார். எரிச்சல் நன்றாகக் குறைந்திருக்கிறது. கல்ச்சரில் கிருமி உறுதியானது. கொடுத்த மாத்திரை அதற்குக் கேட்கும். மாத்திரையா, கஷாயமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. வயிறு இளகிப் போகிறது என்றார். லாவ்ஷி சீட்டில் ரேவல்சின்னியை அடித்துவிட்டு, மூதோங்குக்குப் பக்கத்தில் கொடியின் முழுப்பெயரை எழுதச் சொல்லிப் பேனாவை என்னிடம் நீட்டினார்.