சைவத்தில் மிச்சமிருப்பது பால்தான்

தைப்பூச விரதம், புரட்டாசி மாதம், வெள்ளிக்கிழமை சைவம் என்று பழகிய கோலாலம்பூர்த் தமிழருக்கு இறைச்சியை விடுவது பெரிய காரியமல்ல. ஆனால் அந்த நாள்களில் இலையைக் கவனித்துப் பாருங்கள். கோழி எழுந்துபோன இடத்தில் தயிரும் மோரும் நெய்யும் பன்னீரும் வந்து உட்கார்ந்திருக்கும். உடம்புக்காகவோ சாமிக்காகவோ சைவம் இருந்தால் அதில் குறையொன்றும் இல்லை. விலங்குகளை நினைத்து, பால் முட்டை உள்பட விலங்கிலிருந்து வரும் எதையும் தொடாத வீகன் ஆகிறவர் மட்டும் இங்கே கணக்குப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். பண்ணைகளில் சுமார் பத்து மாதம் கறக்கிறார்கள், அந்தக் கறவை நடக்கும்போதே அடுத்த சினையும் ஆகிவிடும். பிறக்கும் கன்றுகளில் பாதி காளைக்கன்று, அதற்குக் கறவைக் கொட்டகையில் வேலையில்லை. இருபது வருடம் வாழக்கூடிய பசுவும் கறவை குறைந்ததும் ஐந்தாறு வயதிலேயே அடிமாடாகிவிடும். 'நம்ம பால்காரர் மாட்டைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறார்' என்பார்கள். வளர்க்கட்டும். காளைக்கன்று எங்கே போனது என்று அவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு மேற்கொண்டு பேசலாம்.

முட்டைக் கணக்கு இன்னும் மோசம். கோழி இனத்துக்கெல்லாம் தாய்வழியான காட்டுக்கோழி நம் மலேசியக் காடுகளில் இன்றும் திரிகிறது. அது வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். பண்ணைக் கோழி இடுவது முந்நூறு வரை. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தில் ஒரு பங்கு அதன் எலும்பிலிருந்தே கரைவதால் எலும்பு முறிவது சாதாரணம். முட்டையிடும் இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள்.

அதனால் எல்லாம் சாப்பிடுகிறவர் படிப்படியாக விடுவதென்றால், முதலில் விட வேண்டியது கோழியும் முட்டையும் என்பேன். மாட்டைத் தொடாத நம் வீடுகளில் எண்ணிக்கையில் அதிகம் சாவது கோழிதான். ஓர் ஆட்டில் கிடைக்கும் கறிக்கு ஏழெட்டுக் கோழியாவது வேண்டும். இறைச்சிக் கோழி அறுபடுவது ஆறு வார வயதுக்குள்.

கடையில் சாப்பிடுவது பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை, கேட்கத் தெரிந்தால் போதும். 'தே' என்றாலே டின்பால். 'தே ஓ', 'கோப்பி ஓ' என்று சொன்னால் பால் வராது. டின்னில் 'கிரீமர்' என்று போட்டிருந்தால் பாமாயில்தானே என்று நினைக்க வேண்டாம், அதிலும் பால்மாவு இருக்கும். தோசை மாவில் பிரச்சினையில்லை, கல்லில் சுடும்போது மேலே தடவும் நெய்யில்தான் இருக்கிறது. ரொட்டி சானாய் மாவில் நெய்யோ மார்ஜரினோ, சில கடைகளில் டின்பாலோ முட்டையோ சேரும். விசாரிக்காமல் சாப்பிடக் கூடாது. வாழையிலைச் சாப்பாட்டில் ரசத்தையும் பருப்பையும் நம்பலாம், பச்சடியைத் தள்ளிவிடலாம். மொறுமொறு பாகற்காயை மட்டும் மீன் பொரித்த எண்ணெயா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாசி லெமாக் சோற்றில் தேங்காய்ப்பால்தான், சம்பலில்தான் நெத்திலியும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் ஒளிந்திருக்கும். காங்கோங் கீரை வாங்கும்போதும் 'பெலாச்சான் வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். மாமாக் கடையில் 'வீகன்' என்ற ஒரு சொல்லை நம்புவதைவிட 'சூசு (பால்), தெலூர் (முட்டை), மெந்தேகா (வெண்ணெய்), உடாங் கெரிங் (காய்ந்த இறால்) எதுவும் வேண்டாம்' என்று பேர் பேராகச் சொல்வதே பலிக்கும்.

பினாங்கின் சீனச் சைவக் கடைகளில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. அங்கேயும் அந்தப் போலி ஹேமிலும் மீன் உருண்டையிலும் முட்டை வெள்ளைக்கருவோ பால்மாவோ இருப்பதுண்டு, தௌக்குவா என்ற கெட்டி டோஃபுவும் காளானும் வாங்குவதே மேல். இனிப்புக்கு ஏங்கத் தேவையில்லை. புட்டு மாயம் என்ற இடியாப்பம், செண்டோல் இரண்டும் பிறவியிலேயே பாலில்லாதவை. ஐஸ் கச்சாங்கில்தான் மேலே பால் ஊற்றுவார்கள், ரொட்டியில் தடவும் காயாவில் முட்டை உண்டு.

பொட்டல உணவில் இரண்டு முத்திரைகள் ஆளை ஏமாற்றும். ஹலால் முத்திரை ஜெலட்டின் பன்றியிலிருந்து வரவில்லை என்றுதான் சொல்லும், அது மாட்டெலும்பாக இருக்கலாம். இந்தியாவிலிருந்து வரும் பொட்டலத்தின் பச்சைப் புள்ளிக்குப் பால் சம்மதம். ஆகவே பின்பக்கம் படியுங்கள்: சூசு, மோர்ப்புரதமான வே, பாலிலிருந்தே வரும் கேசீன், லாக்டோஸ், தெலூர், மாடு.. இந்த 'மாடு' மலாயில் தேன், நம் மாடு அல்ல!

இனி வீட்டுச் சமையல். பாக்கெட் சோயாப்பாலைவிட வீட்டில் அரைப்பது மலிவு, தயிருக்கும் அதுதான் தோது. 200 கிராம் சோயா மொச்சையை எட்டு மணி நேரம் ஊறவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் வெளியே வைத்தால் நுரைத்து நாறும், ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஊறட்டும். தோலைத் தேய்த்துக் கழித்துவிட்டு, மொத்தம் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்க வேண்டும். அரைக்கும் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தால் பச்சை வாடை வராது. பச்சைத் தண்ணீரில் அரைத்தால் மொச்சையில் உள்ள நொதி எண்ணெய்ச்சத்தோடு சேர்ந்து அந்த வாடையைக் கிளப்பிவிடும். மூடி இறுகிய மிக்ஸியில் சுடுதண்ணீர் பீறிடும், ஆகவே பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

துணியில் வடிகட்டி அடுப்பில் வைத்தால் சீக்கிரமே நுரை பொங்கி மேலே வரும். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். அது கொதியல்ல, வெறும் நுரை. அதைப் பார்த்து அடுப்பை அணைத்துவிட்டால் பால் பச்சையாகவே நிற்கும், குடித்தவருக்கு வயிறு உப்பும். தீயைக் குறைத்து, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே, நிஜமாகக் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து பத்து நிமிடமாவது விட வேண்டும். சக்கையைக் கொட்டாதீர்கள், அடை மாவில் பிசைந்து சுடலாம்.

தயிருக்கு அரை லிட்டர் போதும். விரலை விட்டால் பத்து விநாடி பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, கழுவிய பச்சை மிளகாய்க் காம்பு எட்டுப் பத்தைப் போட்டு மூடுங்கள். எட்டு மணி நேரத்தில் பிடிக்கும். முதல் தடவை தளர்வாக இருக்கும், லேசாக ஒரு வாடையும் வரும். அதைச் சாப்பிடாமல் ஒரு கரண்டியை அடுத்த அரை லிட்டருக்கு உறையாக ஊற்றினால் அது கெட்டியாக வெட்டுப்படும். உறையவே இல்லையென்றால் பால் தண்ணீராக இருந்திருக்கும், அல்லது இனிப்பும் வாசனையும் கலந்த பாக்கெட் பாலாக இருக்கும். உறைந்த பிறகும் வெளியிலேயே மறந்துவிட்டால் தண்ணீர் தனியே பிரிந்து நாக்கைக் கூசும். இந்தத் தயிரில் ஓர் இனிப்பு வாடை உண்டு. இஞ்சியும் பெருங்காயமும் தாளித்தால் அடங்கும். மோர்க்குழம்பில் கடைசியில் சேர்த்து உடனே இறக்க வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும்.

தேத்தண்ணியில் சோயாப்பால் திரிகிறது என்பது அடுத்த புகார். குளிர்ந்த பாலைக் கொதிக்கும் தேயிலையில் ஊற்றினால் அப்படித்தான். பாலை முதலில் சூடாக்கிக் கோப்பையில் எடுத்துக்கொண்டு அதன்மேல் சாயத்தை மெதுவாக ஊற்றுங்கள். கோப்பியில் புளிப்பு அதிகம் என்பதால் அதில் இன்னும் கவனம் வேண்டும். தாரிக் ஆற்றினால் மாட்டுப்பாலுக்குக் குறையாமல் நுரைக்கும்.

வீட்டுச் சோயாப்பாலில் கால்சியம் சொற்பம். ஜிப்சத்தில் உறைய வைத்த தௌக்குவா, முருங்கைக்கீரை, எள், கேழ்வரகு அந்தக் குறையை ஈடுகட்டும். கேழ்வரகில் மட்டும் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. பசலையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேர விடாது. சாப்பிட்ட கையோடு தே குடித்தால் இரும்புச்சத்தும் ஒட்டாது, ஒரு மணி நேரம் போகட்டும்.

வைட்டமின் பி12 விஷயத்தில் மட்டும் சமாதானம் கிடையாது. புளித்த மாவில் இருக்கிறது, ஸ்பைருலினாவில் இருக்கிறது என்று சொல்வதை நம்ப வேண்டாம். மாத்திரைதான். 1944-இல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சங்கமே தினம் 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2000 மைக்ரோகிராம் என்று சொல்கிறது. ஈரலில் பழைய இருப்பு இருப்பதால் ஓரிரு வருடம் ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து. நம் வீடுகளில் இனிப்புநீருக்கு மெட்ஃபோர்மின் சாப்பிடுகிறவர்கள் நிறைய. அந்த மருந்தும் பி12-ஐக் குறைக்கும். பாதம் மரத்துப்போனால் 'சர்க்கரைதான்' என்று விட்டுவிடுவார்கள், பி12 குறைந்தாலும் அப்படியேதான் மரக்கும். கிளினிக்குக்குப் போகும்போது மெட்ஃபோர்மின் என்பதையும் வீகன் என்பதையும் ஒரே மூச்சில் டாக்டரிடம் சொல்லி, இரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.