திரும்பி வராதவர்கள்

பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய தாய் சில நாளில் மறுபடி வந்து சேர்ந்தால், காரணம் பெரும்பாலும் தெரிந்ததாகவே இருக்கும். சிசேரியன் தையலில் சீழ், காய்ச்சல், நிற்காத உதிரப்போக்கு, பிரஷர். எனக்கு அதிகம் பயம் பிரஷரைப் பார்த்துத்தான். பிரசவமாகி 3 முதல் 6 நாளுக்குள் அது உச்சத்துக்குப் போகும். கர்ப்ப காலம் முழுக்கச் சரியாக இருந்தவர்களுக்கும் வரும். சுகப்பிரசவமென்றால் 48 மணி நேரத்தில் அனுப்பிவிடுகிறோம். ஆக, ஆபத்து வரும்போது அவள் நம் கண்முன் இல்லை.

அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மார்கள் வெள்ளையினத் தாய்மார்களைவிட அதிகமாக மறுபடி மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். பிரஷர் அதில் முக்கியக் காரணம். இதைப் படித்ததும் எங்கள் பதிவேடு நினைவுக்கு வந்தது. எங்களிடம் திரும்பி வருபவர்கள் வேலூரை ஒட்டிய காட்பாடி, சத்துவாச்சாரி, பள்ளிகொண்டா பக்கத்தார். ஒடுகத்தூருக்கு மேலே பீஞ்சமந்தை, அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி என்று மலைமேல் இருக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்களைக் காண்பது அபூர்வம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவர்கள்தான் நலமாக இருப்பதாகத் தோன்றும்.

அல்லேரியில் 2023-இல் பாம்பு கடித்த குழந்தை இறந்தபோது, வண்டி போகப் பாதையில்லாமல் தாயே உடலைச் சுமந்து நடந்ததை மாவட்டமே பார்த்தது. பச்சை உடம்புக்காரி அந்தப் பாதையில் எப்படி இறங்கி வருவாள்?

டிஸ்சார்ஜ் அன்று, "தலைவலி, கண் மங்கல் வந்தா உடனே கூட்டிட்டு வாங்கம்மா" என்று மலைக்கிராமப் பெண் ஒருத்தியின் மாமியாரிடம் சொன்னேன். "எதுல வர்றது சிஸ்டர்? டோலி கட்டணும்னா நாலு ஆம்பளைங்க வேணும். எல்லாரும் வெளியூர் வேலைக்குப் போயிட்டாங்க. வந்தாலும் ஏன் லேட்டுன்னு திட்டுவாங்க" என்றார். அந்தக் கடைசி வரிதான் எனக்கு வலித்தது. பாதை போடுவது எங்கள் கையில் இல்லை. திட்டாமல் இருப்பது எங்கள் கையில்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் மலையிலிருந்து வந்தவர் என்றால், எந்த ஊர், வண்டி எதுவரை வரும் என்று கேட்டுவிட்டுத்தான் டிஸ்சார்ஜ் பேச்சையே எடுக்கிறேன். அப்புறம் அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியருக்குப் போன் செய்து, வீட்டுக்குப் போய்ப் பிரஷர் பார்க்கச் சொல்கிறேன். பிரசவத்துக்கு முன் வந்து தங்க, பழங்குடிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறைகள் வைத்திருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின்னும் ஒரு வாரம் அங்கேயே தங்கவைத்து, சாப்பாடு போட்டு, மூத்த பிள்ளைகளையும் கூட இருக்க விடவேண்டும் என்று கூட்டங்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.