ஏலகிரிக்கு முன் மொட்டை மாடி

குழந்தைகளோடு முதன்முறையாகக் கூடாரத்தில் தங்கப் போகிறவர்கள், ஓர் இரவாவது சொந்த வீட்டு மொட்டை மாடியில் அதை விரித்துப் படுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பொங்கல் விடுமுறைக்கு ஏலகிரி என்று முடிவானதும், புதிதாக வாங்கிய கூடாரத்தைத் தண்டையார்பேட்டை வீட்டு மாடிக்குத் தூக்கிச் சென்றோம். சிமென்ட் தளத்தில் முளை இறங்காது என்பதால், நான்கு மூலைகளிலும் 20 லிட்டர் தண்ணீர் கேன்களை வைத்துக் கயிறுகளைக் கட்டினோம். "வெள்ளம் வந்தப்பகூட நாம மாடியில கூடாரம் போடலையே" என்று அத்தை சிரித்தார்.

கொசுவத்திச் சுருளை உள்ளே கொளுத்தக் கூடாது, துணி சட்டென்று தீப்பிடிக்கும் என்பது தெரிந்திருந்தது. ஆனால் கொசுவுக்குப் பயந்து, வலைக் கதவோடு நில்லாமல் துணிக் கதவையும் மேல் ஜன்னல்களையும் இழுத்து மூடிவிட்டோம். விடியற்காலை நான்கு மணிக்கு ஒன்பது வயது மகள் என்னை உலுக்கி, "அம்மா, கூடாரம் ஒழுகுது" என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தால், துணியின் உட்புறமெங்கும் கடுகளவு நீர்த்துளிகள். ஒன்றோடொன்று சேர்ந்து தையல் வழியே வழிந்துகொண்டிருந்தன. சின்னவன் கூடாரச் சுவரில் காலை ஒட்டிப் படுத்திருந்ததால் அவன் போர்வை பாதி நனைந்துவிட்டது. வெளியே ஒரு சொட்டு மழையில்லை. நான்கு பேர் விட்ட மூச்சின் ஈரம் வெளியேற வழியின்றி, மார்கழிப் பனியில் குளிர்ந்திருந்த துணியில் பட்டுத் தண்ணீராகியிருந்தது. இதே கூத்து மலையில் நடந்திருந்தால் மாற்றுப் போர்வைக்கு எங்கே போவது? இங்கே பதினைந்து படி இறங்கினால் அலமாரி.

ஜோலார்பேட்டையில் ரயிலிறங்கிப் பேருந்தில் ஏறினோம். மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். மகள் ஒவ்வொன்றையும் உரக்க வாசித்துக்கொண்டே வர, சின்னவன் பாரி வளைவில் வாந்தி எடுத்தான்.

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இரவுக் குளிர் எங்கள் பேட்டைக் குளிரைப் போன்றதன்று. ஆயினும் மேல் ஜன்னல்களைத் திறந்தே வைத்து, சின்னவனுக்குக் குல்லாயும் காலுறையும் மாட்டி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் படுக்க வைத்தோம். விடிந்ததும் மகள் முதல் வேலையாகச் சுவரைத் தடவிப் பார்த்தாள். கைபேசியைக் கேட்டு வாங்கிப் பாட்டியை அழைத்து, "ஆயா, ஒழுகல" என்றாள்.